சிபிஎல் ஃபில்டர் ரிவ்யூ: லேண்ட்ஸ்கேப் எடுக்குறவங்க அடுத்த லென்ஸுக்கு முன்னாடி வாங்க வேண்டியது

லேண்ட்ஸ்கேப் எடுக்க ஆரம்பிச்சவங்க கொஞ்ச நாள்லயே கேக்குற கேள்வி, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்ங்கிறதுதான். என்கிட்ட யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், லென்ஸ் அப்புறம் பாத்துக்கலாம், கையில இருக்குற லென்ஸுக்கே ஒரு நல்ல சிபிஎல் வாங்கிடுங்க. சர்க்குலர் போலரைசர், லென்ஸ் முன்னாடி மாட்டி சுத்துற ஒரு கண்ணாடி ஃபில்டர். நான் சில வருஷமா ஒரே ஃபில்டரைத்தான் வச்சிருக்கேன், 77 எம்எம் குறுக்களவு, ஓரம் மெல்லிசா இருக்குற ஸ்லிம் டைப், பித்தளை ரிங், ரெண்டு பக்கமும் கோட்டிங் போட்டது. கம்பெனி பேரு இங்க சொல்லப் போறதில்ல, ஏன்னா இதே தரத்துல பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, பேரைப் பாத்து வாங்குறத விட எதைப் பாத்து வாங்கணும்னு தெரிஞ்சுக்கிட்டா எந்த கம்பெனி பொருளையும் கையில எடுத்த உடனே எடை போட்டுடலாம்.

முதல்ல இது என்ன வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா "வானம் நல்லா நீலமா வரும்"ங்கிறதோட நிறைய பேர் நிறுத்திடுறாங்க, உண்மையில வானம் இதோட வேலையில ஒரு பகுதிதான். சூரிய வெளிச்சம் எல்லா திசையிலயும் அதிர்ந்துக்கிட்டு வருது. அது தண்ணி மேலயோ இலை மேலயோ ஈரமான பாறை மேலயோ சாய்வா பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே திசையில அதிர்ற வெளிச்சமா மாறிடுது, இதைத்தான் போலரைஸ் ஆகுறதுன்னு சொல்றது. நம்ம கண்ணுக்கு அது வெறும் வெள்ளை பளபளப்பு. ஃபில்டரை சுத்தி அந்த திசைக்கு குறுக்கா வச்சா அந்த பளபளப்பு மட்டும் நின்னுடும், பாக்கி வெளிச்சம் உள்ள வரும். இதை முதல்ல கவனிச்சவர் மாலுஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1808ல பாரிஸ்ல லக்ஸம்பர்க் மாளிகை ஜன்னல் கண்ணாடில பட்டுத் திரும்புற சாயங்கால வெயிலை எதையும் ரெண்டா காட்டுற ஒரு கால்சைட் படிகம் வழியா பாத்துக்கிட்டே படிகத்தை சுத்தினாரு, ரெண்டு ரெண்டா தெரிஞ்ச பிம்பத்துல ஒண்ணு மங்கி இன்னொண்ணு தெளிஞ்சு மாறி மாறி வந்துச்சு. நாம லென்ஸ் முன்னாடி விரலால செய்யுறதும் அதே வேலைதான். நம்ம ஃபில்டருக்குள்ள இருக்குற மெல்லிசான போலராய்டு ஷீட் அமெரிக்காவுல எட்வின் லேண்ட் கண்டுபிடிச்சது, 1929ல பேட்டன்ட் போட்டாரு. ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க, பளபளக்குற உலோகத்துல இருந்து வர்ற பிரதிபலிப்பை இது எடுக்காது, அதை எதிர்பாத்து வாங்காதீங்க.

இதோட உண்மையான பலம் தெரியணும்னா நீல வானத்தை விட்டுட்டு மேகமூட்டமான நாள்ல ஒரு காட்டு ஓடைக்குப் போங்க. மழை பெஞ்சு விட்டிருக்கணும், அப்பதான் எல்லாம் ஈரமா இருக்கும். ட்ரைபாடை தாழ்வா வச்சு ஓடையில ஒரு பாறையை ஃப்ரேம்ல வச்சுட்டு லைவ் வியூல, அதாவது கேமரா பின்பக்கத் திரையில, பெருசு பண்ணிப் பாருங்க. ஃபில்டர் சுத்துறதுக்கு முன்னாடி பாறை மேல வெள்ளையா ஒரு படலம், மேகத்தோட வெளிச்சம் ஈரத்துல பட்டு அப்படித் தெரியுது, பாசி எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், தண்ணி மேல வானம் தகடு மாதிரி மின்னும். இப்ப ரிங்கை மெதுவா சுத்துங்க. முதல்ல பாறையோட மேல் விளிம்புல இருக்குற வெள்ளை கரையும், கல்லு கருப்பா மாறும், அப்புறம் பாசி ஒவ்வொரு திட்டா பச்சையாகும், இன்னும் கொஞ்சம் சுத்தினா தண்ணிக்கு அடியில இருக்குற கூழாங்கல்லு ஒண்ணொண்ணா மேல வரும், பழுப்பு, செம்மண் நிறம், சாம்பல், நடுவுல எப்பவோ விழுந்து அடியில தங்கிப்போன ஒரு இலை, அதோட நரம்பு வரைக்கும் தெரியும். இன்னும் சுத்தினா எல்லாம் திரும்ப வெள்ளையாயிடும். கேமரா, லென்ஸ், செட்டிங் எதையும் தொடல, விரல் கால் வட்டம் நகந்திருக்கு, அவ்வளவுதான். இதைப் பாத்ததுக்கு அப்புறம் ஃபில்டர் தேவையான்னு ஒருத்தரும் என்கிட்ட திரும்பக் கேட்டதில்ல.

எடிட்டிங்ல பண்ணிக்கலாமேன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில். கலரை ஏத்தலாம், டீஹேஸ் ஸ்லைடரை இழுக்கலாம், வானத்தை தனியா செலக்ட் பண்ணி இருட்டாக்கலாம், எல்லாம் சரி, ஆனா பளபளப்புக்கு அடியில மறைஞ்சு போன கூழாங்கல்லு கேமரா பதிவு பண்ணின ரா ஃபைல்ல இல்லவே இல்ல, இல்லாததை எந்த ஸ்லைடர் கொண்டு வரும்? மத்த ஃபில்டர் நிறைய இன்னைக்கு இல்லாமலே சமாளிக்க முடியுது, வானத்தை மட்டும் இருட்டாக்குற கிராஜுவேட்டட் ஃபில்டர் போடுற இடத்துல ரெண்டு மூணு எக்ஸ்போஷர் எடுத்து சேத்துடலாம், கலர் ஃபில்டருக்கு ஒயிட் பேலன்ஸ் இருக்கு. போலரைசர் மட்டும் எடுக்குற நேரத்துலயே லென்ஸ் முன்னாடி இருந்தாகணும்.

இலைக்கும் இதே கதைதான். இலை மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, அதுல வானத்தோட வெளிச்சம் பட்டு காடு முழுக்க நீலமும் வெள்ளையுமா ஒரு மினுமினுப்பு உக்காந்திருக்கும், கண்ணு அதைப் பழகிடுறதால நேர்ல தெரியுறதில்ல, படத்துல பச்சை வெளுத்துப் போயிருக்கும். ஃபில்டர் சுத்தினா இலையோட சொந்த பச்சை வருது. இதுக்கு நீல வானம் தேவையே இல்ல, வெயிலும் தேவையில்ல. அதனால மூட்டமா இருக்குன்னு ஃபில்டரை பையில வச்சுட்டுப் போறவங்க அதோட பாதி பயனை பையிலயே விட்டுட்டுப் போறாங்கன்னுதான் சொல்வேன்.

இப்ப வானத்துக்கு வரலாம். வானத்துல போலரைஸ் ஆன வெளிச்சம் எல்லா பக்கமும் ஒரே அளவுல கிடையாது, சூரியன்ல இருந்து 90 டிகிரி தள்ளி இருக்குற பட்டையிலதான் அதிகம். இதைக் கண்டுபிடிக்க கருவி எதுவும் வேணாம், ஆள்காட்டி விரலை சூரியனைப் பாத்து நீட்டி கட்டைவிரலை அதுக்கு செங்குத்தா வச்சு மணிக்கட்டை சுத்துங்க, கட்டைவிரல் காட்டுற இடமெல்லாம் அந்தப் பட்டை. சூரியன் உதிக்கிற நேரத்துல அது வடக்குல இருந்து தலைக்கு மேல போய் தெற்குல இறங்கும், அப்ப வடக்கையோ தெற்கையோ பாத்து எடுத்தா ஃபில்டர் முழுசா வேலை செய்யும், சூரியனை நேரா பாத்து எடுத்தாலும் சூரியனை முதுகுக்குப் பின்னாடி வச்சு எடுத்தாலும் வானத்துல பெருசா ஒண்ணும் ஆகாது. தேனீ இந்தப் பட்டையை கண்ணாலயே பாக்கும், மேகம் சூரியனை மறைச்சாலும் கொஞ்சம் நீல வானம் தெரிஞ்சா போதும், அதை வச்சே திசை கண்டுபிடிக்கும், கார்ல் வான் ஃப்ரிஷ்னு ஒரு விஞ்ஞானி 1940கள் கடைசியில இதைக் கண்டுபிடிச்சாரு, தேனீ ஆராய்ச்சிக்காக 1973ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. நமக்கு அந்தக் கண்ணு இல்ல, அதனால கட்டைவிரலும் ஃபில்டரும்.

இந்த ஃபில்டரை நான் இவ்வளவு தூக்கிப் பேசுறதுக்கு முக்கியமான காரணம் இங்கதான் இருக்கு. இது நம்மள நிக்க வைக்குது. சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகருது, அந்தப் பட்டையும் கூடவே நகருது, ஏழு மணிக்கு ஒண்ணுமே ஆகாத மலை முகடு எட்டரைக்கு பளிச்சுன்னு தனியா நிக்கும், அதனால ஃபில்டர் வச்சிருக்குறவன் ஒரு இடத்துக்குப் போன உடனே க்ளிக் பண்ணிட்டு கிளம்ப மாட்டான், சூரியன் எங்க இருக்கு, இன்னும் ஒரு மணி நேரத்துல எங்க இருக்கும், அப்ப இந்த ஏரி எப்படி இருக்கும்னு யோசிப்பான். தண்ணிக்கும் ஒரு கணக்கு இருக்கு, தண்ணி பரப்புல இருந்து கிட்டத்தட்ட 37 டிகிரி சாய்வுல நம்ம பார்வை விழுற இடத்துலதான் பிரதிபலிப்பை முழுசா எடுக்க முடியும், அதைவிட தாழ்வாவோ உசரமாவோ பாத்தா கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால ட்ரைபாடை ஒரு அடி ஏத்துறதும் ரெண்டு அடி பின்னாடி தள்ளுறதும் படத்தையே மாத்திடும். இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு வர்றதில்ல, ஓடைக்கரையில உக்காந்து ரிங்கை சுத்திக்கிட்டே இருந்தா விரலுக்குத் தானா பழகும்.

புதுசா வாங்கினவங்க எல்லாரும் கடைசி வரைக்கும் சுத்துவாங்க, எவ்வளவு இருட்டாக முடியுமோ அவ்வளவு. பல நேரம் பாதியில நிறுத்துறதுதான் அழகு. ஏரியில மலையோட பிம்பம் இருக்கு, கிட்ட ஆழமில்லாத இடத்துல கல்லு இருக்குன்னு வச்சுக்கங்க, முழுசா சுத்தினா கல்லு தெரியும், பிம்பம் போயிடும், சுத்தாம விட்டா பிம்பம் மட்டும். நடுவுல ஒரு இடம் இருக்கு, கிட்ட கல்லும் தூரத்துல பிம்பமும் ரெண்டுமே நிக்கும், அந்த இடத்தை ஒரு மயிரிழை நகத்தி நகத்தி தேடணும், தேடுறதுக்குள்ள காத்து வந்து தண்ணி கலங்கும், திரும்ப அடங்குற வரைக்கும் காத்திருக்கணும். உசரமான மலைப்பகுதியில இன்னும் கவனமா இருங்க, அங்க வானம் ஏற்கனவே கரு நீலமா இருக்கும், முழுசா சுத்தினா கிட்டத்தட்ட கருப்பாவே போயிடும், பாக்க செயற்கையா இருக்கும்.

வானவில்லைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். வானவில் வெளிச்சம் ரொம்ப பலமா போலரைஸ் ஆன வெளிச்சம், மழைத்துளிக்குள்ள பட்டுத் திரும்பி வர்ற கோணம் அப்படி. அதனால ஃபில்டரை ஒரு பக்கம் சுத்தினா பின்னாடி இருக்குற சாம்பல் மேகத்துல இருந்து வண்ணம் துண்டா எழும்பி நிக்கும், இன்னொரு பக்கம் சுத்தினா வானவில்லே காணாம போயிடும், அவசரத்துல தப்பான பக்கம் வச்சு எடுத்துட்டா வீட்டுக்கு வந்து பாக்கும்போது வெறும் மேகம்தான் இருக்கும். இன்னொண்ணு, அந்த அதிர்வோட திசை வில்லோட வளைவையே ஒட்டிப் போகுது, அதனால வைட் லென்ஸ்ல முழு வில்லையும் எடுத்தா உச்சி பளிச்சுன்னு இருக்கும்போது ரெண்டு கால் பக்கமும் மங்கிடும், எல்லா இடத்தையும் ஒரே நேரத்துல ஏத்த முடியாது. ஒரு காலை மட்டும், தூரத்தை கிட்ட இழுக்குற டெலி லென்ஸ்ல எடுக்கும்போதுதான் இந்த ஃபில்டரோட முழு பலனும் கிடைக்குது. சூரியன் 42 டிகிரிக்கு மேல ஏறிட்டா தரையில நிக்கிறவங்களுக்கு வானவில்லே தெரியாது, அதனால மழையும் வெயிலும் கலந்து வர்ற காலையிலயும் சாயங்காலத்துலயும் ஃபில்டரை லென்ஸ்லயே மாட்டி வச்சுட்டுக் காத்திருங்க.

சரி, குறை என்ன? வெளிச்சம் போகும். ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது. என் ஃபில்டர்ல ஒன்றரை ஸ்டாப் போகுது, பொதுவா இந்த வகையில ஒண்ணுல இருந்து ரெண்டு ஸ்டாப் வரைக்கும் போகும், இப்ப ஒரு ஸ்டாப் கிட்ட மட்டும் எடுக்குற மாடல்களும் வருது. ரெண்டு ஸ்டாப்னா 1/60ல எடுத்த படம் 1/15 ஆயிடும், ட்ரைபாட் இல்லாம கஷ்டம். ட்ரைபாட் இருந்தாலும் பாறைக்கு ஒண்ணும் ஆகாது, இலை ஆடும். அதுக்கு நான் பண்றது, ஐஎஸ்ஓவை 400க்கு ஏத்திட்டு காத்து நிக்கிற நேரம் பாத்து எடுக்குறது, காட்டுக்குள்ள காத்து எப்பவும் ஒரே மாதிரி அடிக்காது, நடுநடுவுல ஒரு மூச்சு விடுற இடைவெளி வரும், ரிமோட்டை கையில வச்சுக்கிட்டு ஃப்ரேம்ல இருக்குறதுலயே மெல்லிசான கிளையை மட்டும் பாத்துக்கிட்டே இருந்தா அந்த இடைவெளி கண்ணுல படும். ஓடையும் அருவியும் எடுக்கும்போது இந்தக் குறையே வசதியாயிடுது, எஃப்/11ல ஐஎஸ்ஓ 100ல கால் நொடி கிடைச்ச இடத்துல ஃபில்டர் போட்டா ஒரு நொடிக்குக் கிட்ட வருது, தண்ணி நூல் நூலா இழுபட்ட மாதிரி வரும், அதே சமயம் மொத்தமா பால் மாதிரி வெளுத்துப் போகாம உருவமும் நிக்கும். பல நேரம் வெளிச்சத்தைக் குறைக்கிறதுக்குன்னே இருக்குற என்டி ஃபில்டரை பையில இருந்து வெளிய எடுக்க வேண்டிய தேவையே வர்றதில்ல.

பெரிய பிரச்சினை வைட் லென்ஸ். 24 எம்எம் ஃபுல் ஃப்ரேம்ல அகலவாக்குல 74 டிகிரி கிட்ட வானம் உள்ள வருது, 16 எம்எம்னா 97 டிகிரி கிட்ட, அவ்வளவு அகலத்துல ஒரு பக்கம் அந்த 90 டிகிரி பட்டை, இன்னொரு பக்கம் சாதா வானம், நடுவுல கரு நீலமா ஒரு திட்டு விழுந்து ரெண்டு ஓரமும் வெளுத்திருக்கும். எடிட்டிங்ல இதை சரி பண்றது பெரிய தலைவலி. மேகம் நிறைய இருந்தா அவ்வளவா தெரியாது, சுத்தமான நீல வானமா இருந்தா வைட்ல வானத்தை குறைச்சு ஃப்ரேம் பண்ணுங்க, இல்லேன்னா ஃபில்டரை கழட்டிடுங்க. பனோரமா எடுத்து ஒட்டுறவங்களும் கழட்டித்தான் ஆகணும், ஒவ்வொரு ஃப்ரேமிலயும் வானம் ஒவ்வொரு மாதிரி வந்து நிக்கும். நட்சத்திரம் எடுக்கும்போது வேணவே வேணாம், வெளிச்சத்தை தின்னுடும். பறவை எடுக்குறவங்களுக்கும் நான் சொல்ல மாட்டேன், அங்க ஷட்டர் ஸ்பீட்தான் உயிர். சூரியன் ஃப்ரேமுக்குள்ள இருந்தா ஒரு கண்ணாடி கூடுதலா இருக்குறதால ஃப்ளேர் ஏறும், அங்கயும் கழட்டுறது நல்லது.

இனி நான் வச்சிருக்குற ஃபில்டரோட கட்டுமானம் பத்தி. பித்தளை ரிங் வாங்கினதுல ரொம்ப திருப்தி, அலுமினியம் ரிங்கை விட லென்ஸ்ல இறுகிப் போய் மாட்டிக்கிறது குறைவு. அப்படியும் மாட்டிக்கிட்டா பலம் குடுத்து அழுத்திப் பிடிக்காதீங்க, அழுத்த அழுத்த ரிங் ஓவலா நெளிஞ்சு இன்னும் இறுகும், ஒரு ரப்பர் பேண்டை ரிங்கை சுத்தி மாட்டிட்டு லேசா திருப்புங்க, வந்துடும். சுழல்ற பகுதி நல்லா இருக்கு, ரொம்ப லூஸும் இல்ல, ரொம்ப டைட்டும் இல்ல, வச்ச இடத்துல நிக்குது. விலை கம்மியா முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேன், அதுல விரலை எடுத்த உடனே ரிங் தானா நகரும், ஃபோகஸ் பண்ணும்போது முன்பக்கம் சுழல்ற பழைய லென்ஸ்ல அது இன்னும் மோசம். கடற்கரையில இப்ப இருக்குறதுலயும் மணல் ஒரு துகள் உள்ள போனா சுத்தும்போது கரகரன்னு சத்தம் கேக்கும், ஊதி எடுக்கணும். சுழல்ற ரிங்ல ஒரு புள்ளி அடையாளம் வச்சிருக்கலாம், வைக்கல, நானே ஓரத்துல வெள்ளை பெயிண்ட்ல ஒரு புள்ளி போட்டு வச்சிருக்கேன், எங்க இருந்து எவ்வளவு சுத்தினோம்னு தெரிஞ்சுக்க அது ரொம்ப உதவியா இருக்கு.

சுத்துற திசை முக்கியம். கேமராவுக்குப் பின்னாடி நின்னு சுத்தும்போது எப்பவும் இடது பக்கமா, அதாவது கடிகாரத்துக்கு எதிர் திசையில சுத்திப் பழகுங்க, அது லென்ஸ்ல இறுக்குற திசை. வலது பக்கம் சுத்திக்கிட்டே இருந்தா ஃபில்டர் த்ரெட்ல, அதாவது மரையில இருந்து மெல்ல கழண்டு வந்துடும், பாலத்து மேலயோ பாறை விளிம்புலயோ நிக்கும்போது போச்சுன்னா போச்சு. அதே மாதிரி கேமராவை படுக்கைல இருந்து நெட்டுக்குத் திருப்பினா ஃபில்டரும் சேந்து 90 டிகிரி திரும்பிடும், அதிகபட்சத்துல இருந்தது குறைஞ்சபட்சத்துக்குப் போயிடும், ஒவ்வொரு தடவையும் திரும்ப சுத்தி வைக்கணும்.

பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டுற ஹூட் இன்னொரு தொல்லை. ஹூட் மாட்டினா விரல் உள்ள போகாது, கழட்டினா பக்கவாட்டு வெயில் அடிக்கும். சில லென்ஸோட ஹூட்ல ஒரு சின்ன ஜன்னல் வச்சிருப்பாங்க, அதைத் திறந்து ஃபில்டரை சுத்தலாம், என் லென்ஸ்ல அது கிடையாது, அதனால ஹூட்டை கழட்டிட்டு கையாலயோ தொப்பியாலயோ நிழல் குடுக்குறேன். ஸ்லிம் டைப்ல சிலதுக்கு முன்பக்கம் த்ரெட்டே இருக்காது, லென்ஸ் கேப் நிக்காது, அதுக்குன்னு வர்ற தனி கேப் பையில கழண்டு கழண்டு விழும். என்னோடது ஸ்லிம்மா இருந்தாலும் முன்னாடி த்ரெட் இருக்கு, சாதா கேப் நிக்குது, வாங்கும்போது இதைக் கண்டிப்பா பாருங்க. கோட்டிங் பத்தி சொல்லணும்னா அருவி பக்கத்துல சாரல் அடிக்கும்போதுதான் அதோட அருமை தெரியும், தண்ணி துளி துளியா உருண்டு நிக்கும், ஒரு ஊது ஊதினா போயிடும், கோட்டிங் இல்லாத ஃபில்டர்ல அது படலமா பரவி துடைக்கத் துடைக்க கோடு கோடா நிக்கும்.

கையில எடுத்து சோதிக்க மூணு வழி சொல்றேன், எந்த ஃபில்டருக்கும் இது பொருந்தும். சர்க்குலர் போலரைசர்ங்கிறது உண்மையில ரெண்டு அடுக்கு, வெளிய பாத்த பக்கம் சாதா போலரைசர், அதுக்குப் பின்னாடி குவார்ட்டர் வேவ் ப்ளேட், ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை சுழல்ற வெளிச்சமா மாத்துற அடுக்கு. எஸ்எல்ஆர் கேமராவுல வெளிச்சம் அளக்குற மீட்டருக்கும் ஆட்டோ ஃபோகஸுக்கும் வெளிச்சத்தைப் பிரிக்கிற பாதி ஊடுருவுற கண்ணாடி இருக்கு, வெறும் லீனியர் போலரைசர் போட்டா அது குழம்பும், அதுக்குத்தான் அந்த இரண்டாவது அடுக்கு. இப்ப ஒரு முகம் பாக்குற கண்ணாடி முன்னாடி நின்னு ஃபில்டரோட த்ரெட் பக்கம் கண்ணாடியைப் பாக்குற மாதிரி வச்சு அது வழியா கண்ணாடில தெரியுற ஃபில்டரையே பாருங்க, கருப்பா தெரியணும். திருப்பி வச்சுப் பாத்தா கருப்பு போயிடணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிஞ்சா அது சர்க்குலர் கிடையாது, மேல என்ன அச்சடிச்சிருந்தாலும் சரி. அடுத்தது லேப்டாப்போட எல்சிடி திரை. திரையில வெறும் வெள்ளைப் பக்கம் திறந்து வச்சுட்டு ஃபில்டரோட முன்பக்கம் திரையைப் பாக்குற மாதிரி பிடிச்சு சுத்துங்க, ஒரு இடத்துல கிட்டத்தட்ட முழுக்க இருட்டாகணும். அந்த இருட்டு எவ்வளவு ஆழமா இருக்கோ அவ்வளவு நல்ல ஷீட். திட்டு திட்டா இருந்தாலோ ஓரத்துல வெளிச்சம் கசிஞ்சாலோ வேணாம்னு வச்சுடுங்க. அப்புறம் நல்லா வெளிச்சம் விழுற நேரத்துல திருப்பிப் பிடிச்சு ஒரு வெள்ளைத் தாளை அது வழியா பாருங்க, மஞ்சளா பச்சையா ஏதாவது சாயம் தெரியுதான்னு. என்னோடதுல லேசா ஒரு மஞ்சள் இருக்கு, ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விடாம ஒரே இடத்துல நிறுத்தி வச்சுட்டா ரா ஃபைல்ல ஒரே அசைவுல சரியாயிடுது. பச்சை கலந்த சாயம்தான் தொல்லை, காட்டுல எடுத்த படத்துல அதைப் பிரிச்செடுக்க ரொம்ப நேரம் ஆகும்.

டெலி லென்ஸ் வச்சிருக்குறவங்க இன்னும் ஒண்ணு பாக்கணும். கண்ணாடி தரம் கம்மியா இருந்தா வைட்ல தெரியாத மங்கல் 200 எம்எம், 300 எம்எம்ல தெரிய ஆரம்பிக்கும். நான் சொன்ன அந்தப் பழைய விலை கம்மியான ஃபில்டர்ல தூரத்து மலை முகட்டுல இருக்குற மரங்கள் எல்லாம் கஞ்சி போட்ட மாதிரி குழம்பிப் போயிருந்துச்சு, ஃபில்டரை கழட்டி எடுத்த உடனே ஒவ்வொரு மரமும் தனித்தனியா வந்துச்சு. இப்ப இருக்குறதுல போட்டும் கழட்டியும் எடுத்து நூறு சதவீதத்துல பெருசாக்கிப் பாத்தேன், வித்தியாசம் தேடினாலும் கிடைக்கல. தூரத்து மலைக்கு இன்னொரு நன்மையும் இருக்கு, 90 டிகிரி திசையில மெல்லிசான புகைமூட்டத்தை இது நல்லாவே குறைக்குது, அடுக்கடுக்கா இருக்குற மலையில பின்னாடி அடுக்கு தெளிவா வரும். அடர்ந்த மூடுபனிக்கு இது ஒண்ணும் செய்யாது, செய்யவும் வேணாம், மூடுபனி இருந்தா மூடுபனியைத்தான் எடுக்கணும்.

சைஸ் விஷயத்துல, உங்ககிட்ட இருக்குற லென்ஸ்கள்ல எது பெரிய த்ரெட்டோ அதுக்கு ஒரே ஒரு நல்ல ஃபில்டர் வாங்கிட்டு பாக்கிக்கு, சின்ன லென்ஸ்ல பெரிய ஃபில்டரை மாட்ட உதவுற ஸ்டெப் அப் ரிங் போட்டுக்கங்க, 67க்கும் 58க்கும் தனித்தனியா ஃபில்டர் வாங்குறதுல அர்த்தமே இல்ல. காந்தத்துல ஒட்டுற டைப் வேகமா மாட்டிக் கழட்ட வசதி, ஆனா புதர்ல உரசினா கழண்டு வரும், நான் த்ரெட்டையே நம்புறேன். மொபைல்ல எடுக்குறவங்க க்ளிப் டைப் பாக்கலாம், அதுக்கும் முன்னாடி வீட்டுல யார்கிட்டயாவது போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தா அதை மொபைல் லென்ஸ் முன்னாடி பிடிச்சு ஒரு குளத்தைப் பாத்து மெதுவா சுத்திப் பாருங்க, செலவே இல்லாம இந்த ரிவ்யூல பாதி உங்களுக்குப் புரிஞ்சிடும்.

வச்சுக்கிறதுலயும் கொஞ்சம் கவனம் வேணும், இதுக்கு ஆயுசு உண்டு. நடுவுல இருக்குறது மெல்லிசான ஷீட், வெயில்ல நிறுத்தின காருக்குள்ள விட்டு விட்டு எடுத்தா சூட்டுல வருஷப் போக்குல நிறம் மாறும், ஓரத்துல ஒட்டு விடும். வேலை முடிஞ்ச உடனே துடைச்சு டப்பாவுல போட்டு பையோட உள் அறையில வச்சிருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை அந்த லேப்டாப் சோதனையை திரும்பப் பண்ணுங்க, இருட்டு குறைய ஆரம்பிச்சா மாத்துற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். என்னோடது போன மாசம் பாத்தப்பவும் முழு இருட்டு குடுத்துச்சு, இதே மாடலை திரும்ப வாங்குவேனான்னு கேட்டா கண்டிப்பா வாங்குவேன், அந்தப் புள்ளியை மட்டும் கம்பெனிக்காரங்களே போட்டுக் குடுக்கட்டும்.